புதுப்பிப்பு: 36 வயதில் பிஎச்டி சேர்ந்தாகிவிட்டது

இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தேன்: டிப்ளமோ, கோவையில் பவுண்டரி வேலை, மாலை வகுப்பில் பி.இ., அப்புறம் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். இந்த வயதில் மெட்டீரியல்ஸ் பொறியியல் பிஎச்டிக்கு எடுப்பார்களா என்று. எடுத்துவிட்டார்கள்.

முதல் நேர்முகம் சொதப்பல். ஒருவர் என் வயதையே திரும்பத் திரும்பக் கேட்டார். வெப்ப இயக்கவியல் கணக்கில் நானும் திணறினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது இடத்தில் ஒரு நுண்ணோக்கிப் படத்தை நீட்டினார்கள். எஸ்.ஜி. அயர்ன், அதாவது மெக்னீசியம் சேர்த்து உள்ளே கிராஃபைட்டை உருண்டையாக்கும் வார்ப்பிரும்பு. கிராஃபைட் உருண்டையாக இல்லாமல் புழு மாதிரி நெளிந்திருந்தது. "மெக்னீசியம் போட்டபின் லேடிலில் ரொம்ப நேரம் காத்திருந்திருக்கிறது சார். பத்து நிமிஷத்துக்குள் ஊற்றியிருந்தால் இப்படி வராது" என்றேன். லேடில் என்றால் உருகிய இரும்பை வைத்து ஊற்றும் பாத்திரம்; அதில் காத்திருக்கக் காத்திருக்க மெக்னீசியம் குறைந்துகொண்டே போகும். அப்புறம் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேச்சு. இப்போது என் ஆய்வும் அந்த மெக்னீசியம் இழப்பைப் பற்றித்தான்.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, பிறகு 42,000. வாடகைப் படி தனி. பவுண்டரிச் சம்பளத்தைவிடக் குறைவு. வீட்டில் கணக்கு நோட்டு மனைவி கையில்.

பட்டறையில் உருக்குகிற பக்கமே இருந்தவன், நுண்ணோக்கியில் பார்க்க உலோக மாதிரியை உப்புத்தாளில் தேய்த்துப் பாலிஷ் போடத் தெரியவில்லை. நேற்று ஒரு கீறல் போகவே மாட்டேன் என்றது. பக்கத்திலிருந்த எம்.டெக் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணா, ஒவ்வொரு தாளுக்கும் 90 டிகிரி திருப்பித் தேயுங்க" என்றான். போய்விட்டது.