ஏப்ரல் 14, கருப்பு நாள்: துணையற்றோருக்கு ஆறுதலா, அவமதிப்பா?

நிலவன்:
தென்கொரியாவில் பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். மார்ச் 14 அன்று, வெள்ளை நாள் என்ற பெயரில், ஆண்கள் பெண்களுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். இரண்டிலும் எதுவும் கிடைக்காதவர்கள் ஏப்ரல் 14 அன்று கூடி, சிலர் கருப்பு உடையும் அணிந்து, கருங்குழம்பு ஊற்றிய ஜாஜங்மியோன் நூடுல்ஸ் உண்கிறார்கள். இதைப் பலரும் பாராட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளை நாள் ஜப்பானிய மிட்டாய் வணிகர்கள் 1970களின் இறுதியில் தொடங்கி வைத்தது. வணிகம் மூட்டிவிட்ட ஏக்கத்துக்கு இன்னொரு நாளையும் ஒதுக்கி, துணையில்லாதவரைத் துக்கம் காக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

மருதம்:
நண்பரே, வணிகம் பற்றிய உங்கள் கருத்து முதல் இரண்டு நாள்களுக்குப் பொருந்தும். ஆனால் ஜாஜங்மியோன் கொரியர்களுக்குத் துக்க உணவே அன்று. 1883இல் இஞ்சியோன் துறைமுகம் திறக்கப்பட்ட பின், சீனாவின் சாண்டோங் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த உணவு அது; பிறகு கொரிய நாவுக்கேற்ப இனிப்புக் கூடியது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்குப் பெற்றோர் ஆசையாக வாங்கிக் கொடுத்ததும், வீடு மாறும் நாளில் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து உண்பதும் இதைத்தான். மகிழ்ச்சியான நாள்களில் உண்டு பழகியதைத் தனிமையிலும் தேடுவது தன்னிரக்கம் ஆகாது.

அகில்:
சமையல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுன்ஜாங் என்னும் கருஞ்சோயா விழுதைத் தாராளமான எண்ணெயில் வதக்கினால்தான் அதன் கசப்பு அடங்கும். பன்றி இறைச்சியும், கை நிறைய நறுக்கிய வெங்காயமும் அதில் வெந்து இனிப்பேறியதும், மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். மேலே மெல்லியதாக அரிந்த வெள்ளரிக்காய், பக்கத்தில் புளிப்பான மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். நூடுல்ஸின் வெண்மை மறையும்வரை கிளறிவிட்டு உண்ண வேண்டும்.

நிலவன்:
உணவின் சிறப்பை நான் மறுக்கவில்லை, மருதம். இஞ்சியோனில் 2012 முதல் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. என் மறுப்பு, நாளுக்கு இட்ட அடையாளத்தைப் பற்றியது. விரும்பியே தனித்து வாழ்பவரையும் "கிடைக்காதவர்" வரிசையில் அமர்த்திவிடுகிறது அந்த நாள்.

மருதம்:
அந்த வரிசையில் அமர யாரையும் எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. அது அரசு விடுமுறையும் அன்று. கொரியக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஒருவர் மட்டுமே வாழும் வீடு. இருந்தும், இறைச்சி சுட்டு உண்ணும் கடைகள் பலவற்றில் குறைந்தது இருவருக்கான அளவு கேட்டால்தான் பரிமாறுவார்கள். ஜாஜங்மியோனோ ஆளுக்கொரு கிண்ணம். தனியாகப் போனாலும் தயங்காமல் கேட்டு வாங்கலாம். அன்றைக்குப் பக்கத்து மேசையிலும் அதே கிண்ணத்தோடு ஒருவர் இருப்பார். அதை நீங்கள் அவமதிப்பு என்கிறீர்கள், நான் துணை என்கிறேன்.