கலியாண அழைப்பிதழ்: எல்லோருக்கும் ஒரே கார்டா, பாதிப் பேருக்கு வட்ஸ்அப்பா?

உவர்மலை சுபா:
நாங்கள் திருகோணமலை. அண்ணாவின் கலியாணம் ஆவணியில். அழைப்பிதழ் வேலை என் பொறுப்பு. அம்மாவின் கொப்பியில் சொல்ல வேண்டிய வீடுகள் 320. கையில் இருப்பது 40 ஆயிரம் ரூபா, அதற்கு மேல் ஒரு சதமும் எடுக்க முடியாது, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்குமே கடன்பட்டுத்தான் நிற்கிறோம். அம்மாவோ மடிப்பு வைத்த பெரிய கார்ட் கேட்கிறார், பிள்ளையார் தங்க நிறத்தில் மின்ன வேண்டுமாம், கவரின் உட்புறத்திலும் பூ வேண்டுமாம். கடையில் மாதிரி அல்பத்தைப் புரட்டி அவர் கை வைத்ததெல்லாம் எங்கள் கணக்கைப் போல இரண்டு மடங்கு. நான் யோசித்தது இதுதான்: பெரியவர்கள், நெருங்கிய சொந்தம் என்று 100 வீட்டுக்கு அந்த நல்ல கார்ட், மீதி 220 வீட்டுக்கும் வட்ஸ்அப்பில் படம். இதில் என்ன பிழை என்று சொல்லுங்கள், வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை.

நிலாவெளிக்காரன்:
அந்த 100 கூட எதற்குத் தங்கச்சி? முழுவதையும் ஃபோனிலேயே அனுப்புங்கள். கார்டைக் கையில் வாங்குபவரும் முதல் வேலையாக அதை ஃபோனில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடத்தான் போகிறார். நம் சொந்தத்தில் பாதி கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறது, அவர்களுக்கு எப்படியும் படம்தான்.

2022 மறந்துவிட்டதா எல்லோருக்கும்? அந்த வருடம் மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள், கொழும்பில் சில பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சை நிறுத்தின. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியது, கடதாசி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் அச்சுச் செலவும் சேர்ந்து ஏறியது. சாதாரணக் கடிதத்தின் முத்திரையும் அந்த ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து 50 ரூபா ஆனது. கடன் வாங்கிக் கலியாணம் செய்கிற வீடு ஒரு வாரத்தில் பழைய பேப்பரோடு போகிற கார்டுக்கு 40 ஆயிரம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காசுக்கு மணமக்களுக்கு ஒரு நல்ல காஸ் அடுப்பு வாங்கலாம்.

தம்பலகாமத்து அக்கா:
சுபா, காசைப் பற்றிப் பிறகு கதைப்போம். இரண்டு வகையாகப் பிரிக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் பக்கம் ஒரே வளவுக்குள் அண்ணன் வீடும் தம்பி வீடும் இருக்கும், ஒரே கிணறு. அண்ணன் வீட்டுக்குத் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு தங்கக் கார்ட், தம்பி வீட்டுக்கு ஃபோனில் படம் என்றால் அன்று பின்னேரமே கிணற்றடியில் தெரிந்துவிடும். அந்தத் தம்பி கலியாணத்துக்கு வரமாட்டார். வராதது மட்டுமா, பத்து வருடம் கழித்து ஒரு செத்த வீட்டில் கூட "எங்களுக்குச் சொன்ன விதம் தெரியும்தானே" என்று அந்தக் கதை எழும்பும். நன்மை தீமைக்கு நாலு பேர் வேண்டும் என்றுதான் இத்தனை வீட்டுக்கும் சொல்கிறோம். சொல்லிவிட்டே மனதை நோகடிப்பதா?

எல்லோருக்கும் ஒரே கார்ட் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

நிலாவெளிக்காரன்:
அக்கா, அந்தப் பிரிவு நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. தாலி கட்டுக்குத் தனிக் கார்ட், வரவேற்புக்கு உள்ளே ஒரு துண்டு, அந்தத் துண்டு யாருடைய கவருக்குள் இருக்கிறது, யாருடையதில் இல்லை என்று ஊரே பார்க்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் வட்ஸ்அப் என்றதும் மானம் போய்விடுகிறது.

தம்பலகாமத்து அக்கா:
அதுவும் பிழைதான், தம்பி. அந்தத் துண்டு வைக்கிற பழக்கத்தையும் நான் விரும்பவில்லை. ஒரு பிழை இருக்கிறது என்று இன்னொன்றைச் சேர்ப்பதா?

அச்சகத் தம்பி:
அச்சகத்தில் வேலை செய்கிறேன், நடைமுறைக் கணக்கைச் சொல்கிறேன், பிறகு சண்டை பிடியுங்கள். சுபா அக்கா நினைப்பது போல 320ஐ 100 ஆக்கினால் செலவு மூன்றில் ஒன்றாகாது. தங்க ஃபொயில், அதாவது சூடாக அழுத்தி ஒட்டுகிற மின்னும் படலம், அதில் பிள்ளையார் வைக்கத் தனியாக உலோக பிளாக் என்கிற அச்சுக்கட்டை செய்ய வேண்டும், அதன் கூலி 100 கார்டுக்கும் ஒன்றுதான், 1,000 கார்டுக்கும் ஒன்றுதான். பிளேட், அதாவது அச்சுத் தகடு, செய்து அடிக்கிற ஓப்செட் முறை என்றால் நாலு நிறத்துக்கு நாலு பிளேட், அங்கேயும் இதே கதை. எண்ணிக்கை குறையக் குறைய ஒரு கார்டின் விலை ஏறும். இந்த எண்ணிக்கைக்குப் பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேரே அடிக்கிற டிஜிட்டல்தான் தோது.

டிஜிட்டல் மெஷினுக்குள் போகும் தாள் எஸ்ஆர்ஏ3, அதாவது 320க்கு 450 மில்லிமீட்டர். விரித்தால் ஏ4 அளவு வருகிற மடிப்புக் கார்ட் அந்தத் தாளில் இரண்டுதான் வரும். மடிப்பில்லாத ஏ5, அதாவது ஏ4இல் பாதி, நாலு வரும். ஏ6, அதாவது பழைய போஸ்ட் கார்டை விடக் கொஞ்சம் பெரிது, எட்டு வரும். உங்கள் 320 வீட்டுக்கு மடிப்புக் கார்ட் 160 தாள், ஏ5 என்றால் 80, ஏ6 என்றால் 40 தாள். போர்ட் என்கிற தடித்த அட்டையும் அச்சும் தாள் கணக்கில்தான் ஓடும், ஆகவே காசு எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். சதுரக் கார்ட் கேட்காதீர்கள், ஓரம் வீணாகும், கவரும் கையால் ஒட்ட வேண்டி வரும். ஏ6க்கு அந்த அளவுக்கென்றே வருகிற சி6 கவர் சரியாகப் பொருந்தும், அது கட்டாக வாங்கக்கூடிய சாமான். போர்ட் 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 300 கிராம், மினுக்கம் இல்லாததாக எடுங்கள், மூலையில் மஞ்சள் தடவினாலும் பிடிக்கும், பேனாவால் பெயர் எழுதினாலும் மை இழுபடாது.

கிண்ணியா நானா:
எண்ணிக்கையையும் ஒருக்கா பாருங்க தங்கச்சி. 320 வீடு என்றீர்கள், அதில் கந்தோர் ஆட்கள் எத்தனை? எங்கட நிக்காஹ்வுக்குக் கந்தோருக்கு ஒரு கார்ட் என்று கொடுத்தோம், மேலே "அனைத்து ஊழியர்களும்" என்று எழுதி, நானே ஒவ்வொரு மேசையாகப் போய் வாயாலும் சொன்னேன், ஒருவரும் குறை சொல்லவில்லை. சிங்களச் சிநேகிதர்களுக்கு வேறு கார்ட் அடிக்கத் தேவையில்லை, பின்பக்கத்தில் சிங்களமும் இங்கிலிஷும் போடலாம், இந்த ஊரில் அது எல்லோருக்கும் பழக்கம்தானே.

ஆனால் அக்கா சொல்வதில் எனக்கு ஒரு கேள்வி. ஆள் முதலில் ஃபோன் எடுத்துக் கதைத்து, வீட்டில் எல்லோரையும் சுகம் விசாரித்து, பிறகு படத்தை அனுப்பினால் அது மரியாதை இல்லையா? ஒரு கதையும் கதைக்காமல் கார்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தம்பலகாமத்து அக்கா:
நானா, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அழைப்பே இல்லை, அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். கந்தோருக்கு ஒன்று என்பது சரி, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி. சொந்தத்துக்குள் ஒருவருக்குக் கார்டும் ஒருவருக்குப் படமும் என்பதுதான் என் பிரச்சினை.

உவர்மலை சுபா:
ஏ6 அளவில் ஒரு கடதாசியை வெட்டி அம்மாவிடம் காட்டினேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்குள் அப்பப்பா அம்மப்பா பெயரெல்லாம் எங்கே போடுவாய்" என்று கேட்டார். உண்மையில் இடம் போதாது. எதை வெட்டலாம்?

தம்பலகாமத்து அக்கா:
தாத்தா பாட்டி பெயரை வெட்டாதீர்கள், அதிலும் காலமானவர்களின் பெயரை. வயதானவர்கள் கார்டைத் திறந்ததும் "யாருடைய பேரன்" என்றுதான் முதலில் தேடுவார்கள், அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கலியாணத்துக்கே வருகிறார்கள். எங்கேயோ இருந்து எடுத்துப் போடுகிற கவிதை வரிகளை வெட்டுங்கள். "தங்கள் நல்வரவை நாடும்" என்று கீழே போடுகிற நீளமான பட்டியலையும் வெட்டலாம், இரண்டு வீட்டுப் பெற்றோர் போதும்.

அச்சகத் தம்பி:
இரண்டு பக்கமும் அடித்தாலும் 40 தாளுக்கு 80 அச்சுத்தான், போர்டின் செலவு ஏறாது. முன்பக்கம் பிள்ளையாரும் பெயர்களும், பின்பக்கம் நாள், நேரம், மண்டபம். தங்கத்துக்குப் பதில் நல்ல மஞ்சள்கலந்த பழுப்பு நிறம் கொடுத்துப் பாருங்கள், அம்மாவுக்குப் பிடிக்கலாம்.

இன்னொன்று, இதைக் கவனிக்காமல் எத்தனை பேர் மறுபடி அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் ஃபோனில் தட்டி அனுப்புவது யூனிகோட், எல்லா ஃபோனும் கணினியும் வாசிக்கிற பொதுக் குறியீடு. பல அச்சகங்களில் இன்னும் வேறு குறியீடு கொண்ட பாமினி என்கிற பழைய எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், கோணேஸ்வரர் கொணேஸ்வரர் ஆகிவிடுவார். ப்ரூஃபை, அதாவது சரிபார்க்கிற மாதிரி அச்சை, தாளில் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகச் சத்தமாக வாசியுங்கள். தமிழ் மாதத் தேதியையும் இரண்டு வீட்டாரிடமும் கேளுங்கள், ஒரு வீடு வாக்கிய பஞ்சாங்கம், மற்ற வீடு திருக்கணிதம் என்றால் சில மாதங்களில் தேதி ஒரு நாள் வித்தியாசப்படும்.

நிலாவெளிக்காரன்:
இதைத்தானே நானும் சொல்கிறேன். படத்தில் பிழை வந்தால் அஞ்சு நிமிடத்தில் திருத்தலாம், மண்டபம் மாறினாலும் இரவோடு இரவாக எல்லோருக்கும் சொல்லலாம். அச்சுச் செலவை 40 தாளாகக் குறைத்துவிட்டீர்கள், நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? இங்கிருந்து குச்சவெளி முப்பது கிலோமீட்டருக்கு மேல். மூதூருக்கும் சம்பூருக்கும் கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு தரைவழி லேசாகிவிட்டது, சரி, பெட்ரோல் லேசாகவில்லையே. 320 வீடு ஏறி இறங்கினால் கார்டை விடப் பெட்ரோலுக்குத்தான் கூடப் போகும். அதை ஒருவரும் கணக்கில் எழுதவில்லை.

தம்பலகாமத்து அக்கா:
பெட்ரோல் விஷயம் உண்மை. ஆனால் சுபாவே எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மாமா, ஒரு சித்தி இருப்பார்கள். முதல் கார்ட் கோயிலில் வைத்த பிறகு, மூதூருக்குப் போகிற கார்டுகளை மூதூர்ச் சித்தியிடம் கொடுங்கள், அவர் தன் வீட்டுக் கலியாணம் போலக் கொண்டுபோய்ச் சொல்வார், அதில் அவருக்கும் ஒரு பெருமை. படம் அனுப்பினால் அது எங்கெங்கோ ஃபோர்வேர்ட் ஆகி, உங்கள் வீட்டு முகவரியும் ஃபோன் நம்பரும் தெரியாதவர்கள் கைக்கும் போகும், கலியாண நாளில் வீடு பூட்டிக்கிடக்கும் நேரமும் அதிலேயே இருக்கிறது. அதையும் யோசியுங்கள்.

உவர்மலை சுபா:
கந்தோர், சங்கம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே கார்டாகச் சேர்த்ததில் 320 இப்போது 270 ஆகக் குறைந்துவிட்டது. ஏ6, இரண்டு பக்கம், ஊரில் எல்லோருக்கும் அதே கார்ட். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஃபோன் எடுத்துவிட்டுப் படம்.

நிலாவெளிக்காரன்:
அப்படியென்றால் லண்டன் மாமாவுக்குப் படம், உள்ளூர் மாமாவுக்குக் கார்ட். இது இரண்டு வகை இல்லையா அக்கா?

தம்பலகாமத்து அக்கா:
கடல் கடந்து இருப்பவர் கோபிக்கமாட்டார், பக்கத்து வளவில் இருப்பவர் கோபிப்பார், வித்தியாசம் அதுதான். இருந்தாலும் லண்டன் மாமாவின் பெயரை எழுதி ஒரு கார்ட் எடுத்து வையுங்கள் சுபா, கலியாணத்துக்கு வந்து இறங்கும் அன்றே கையில் கொடுங்கள்.

அச்சகத் தம்பி:
270க்கு 34 தாள். கெட்டுப்போவதற்கும் கடைசி நேரத்தில் நினைவு வருகிற வீடுகளுக்கும் சேர்த்து 38 தாளாகக் கேளுங்கள், 304 கார்ட் வரும். பிறகு வந்து இருபது மட்டும் அடித்துத் தரச் சொன்னால் அதே விலைக்கு ஒருவரும் தரமாட்டார்கள்.