லெந்து காலம், ஆறு வாரம்: இயேசு என்கிற மனுஷனை வசனத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

ராயபுரம்_வாலிபர்

வாலிபர் கூடுகையில் லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஆறு வாரம் எடுக்க வேண்டும். வாரத்துக்கு 75 நிமிஷம், 15 பேர். பாதிப் பேர் காசிமேடு, மீதி தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை. பொருள்: இயேசு என்கிற மனுஷன். எல்லாருக்கும் அவர் காலண்டர் படமாக உறைந்துபோயிருக்கிறார், எப்போதும் ஒரே முகம். கோபம், களைப்பு, நக்கல், பயம் எல்லாம் வசனத்தில் இருந்தும் கண்ணில் படுவதில்லை. நாலு சுவிசேஷத்தையும் கலந்து எடுக்கலாமா? கற்பனைக் கதையாகப் போகாமல் எப்படிப் பிடித்து நிறுத்துவது?

மூன்றுபத்தி

கலக்காதீர்கள். நாலையும் கலந்தால் அந்தக் காலண்டர் படம்தான் திரும்ப வரும், அதுவே அப்படிக் கலந்து வரைந்ததுதான். மாற்கு மட்டும் போதும். நாலில் முந்தியது, கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதைப் பார்த்தே எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மொத்தமே 16 அதிகாரம்.

முதல் வாரம் விளக்கமே வேண்டாம். 1 முதல் 8 வரை ஆள் மாற்றி ஆள் சத்தமாக வாசியுங்கள். கையில் பென்சில். இயேசுவின் உடம்பும் மனசும் வினைச்சொல்லாக வருகிற இடத்தில் மட்டும் கோடு. 'பெருமூச்சுவிட்டு' (8:12) மாதிரி. போதனைக்குக் கோடு போடக் கூடாது. போட ஆரம்பித்தால் பக்கம் முழுக்கக் கோடுதான் இருக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏ3 தாளை அகலவாக்கில் வைத்து மூன்று பத்தி: மாற்கு, மத்தேயு, லூக்கா. ஒரே சம்பவம் பக்கத்தில் பக்கத்தில். மாற்கில் இருந்து மற்ற இரண்டிலும் காணாமல் போனதை வட்டமிடச் சொல்லுங்கள். 3:5-ல் 'கோபத்துடனே' பார்த்தார். அந்தக் கோபம் மத்தேயு 12-லும் இல்லை, லூக்கா 6-லும் இல்லை. 10:21-ல் பணக்கார வாலிபனைப் பார்த்து அன்புகூர்ந்தார். மற்ற இருவரும் அதைச் சொல்லவில்லை. சொந்தக்காரர்களே 'மதிமயங்கியிருக்கிறார்' என்று பிடித்துக்கொண்டு போக வந்தது (3:21) மாற்கில் மட்டும். பெத்சாயிதாவில் குருடனுக்கு முதல் தடவை பார்வை அரைகுறையாக வந்து, மனுஷர் மரங்களைப் போலத் தெரிந்து, இரண்டாம் தடவை கை வைக்க வேண்டியிருந்ததும் (8:22-25) அப்படியே. நாசரேத்தில் மாற்கு 6:5 அற்புதம் செய்ய 'முடியவில்லை' என்கிறது, மத்தேயு 13:58 அதிகமாகச் 'செய்யவில்லை' என்கிறது. அந்த ஒரு சொல்லுக்கே அரை மணி நேரம் போகும், போகட்டும்.

வாரத்துக்கு இரண்டு சம்பவம், அதற்கு மேல் வேண்டாம்.

கைப்பிரதி

மேலே சொன்னதற்கு ஒரு கடிவாளம். "மத்தேயு வெட்கப்பட்டு வெட்டிவிட்டார்" என்று பிள்ளைகள் உடனே முடிவுகட்டிவிடுவார்கள். மத்தேயு எதையுமே சுருக்குகிறவர். மாற்கு 5-ல் லேகியோன் பிசாசு பிடித்தவன் கதைக்கு 20 வசனம். மத்தேயுவில் அதே கதை 7 வசனம். சுருக்கும்போது உணர்ச்சிச் சொல்லும் சேர்ந்து போயிருக்கலாம். பிடிபடும் முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு பட்ட துக்கத்தை மத்தேயு விடவில்லை (26:37-38). 'போஜனப்பிரியன், மதுபானப்பிரியன்' என்று ஊர் ஏசியதையும் விடவில்லை (11:19). இந்த இரண்டையும் எதிர்ச்சாட்சியாகத் தாளிலேயே வைத்துவிடுங்கள்.

1:41-ஐயும் கவனியுங்கள். குஷ்டரோகியைப் பார்த்து 'மனதுருகி' என்று நம் வேதாகமம் சொல்கிறது. பெசா என்கிற பழைய கையெழுத்துப் பிரதியில் அங்கே 'கோபமடைந்து' என்று இருக்கிறது. பெரும்பாலான பிரதிகள் 'மனதுருகி' என்பதற்கே சாட்சி. ஆனால் மனதுருகலைக் கோபமாக யார் மாற்றுவார்கள் என்ற கேள்வியால் கோபமே மூலம் என்பவர்களும் உண்டு. இதைக் கேள்வியாக விடுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வாத்தியாரே

இரண்டு பேரும் தமிழை மறந்துட்டீங்க. நம்ம ஆளுக்குப் பெரிய திரையே அந்த 'ஆர்' விகுதிதான். கிரேக்கத்தில் படர்க்கைக்கு மரியாதை விகுதி கிடையாது. ஏரோது தூங்கினாலும் இயேசு தூங்கினாலும் ஒரே வினைதான். நாம 'நித்திரையாயிருந்தார்'னு படிக்கும்போதே முதுகு நிமிர்ந்துடுது. பழைய மொழிபெயர்ப்பிலேயே திரை விலகுற இடம் இருக்கு: 'மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?' (லூக்கா 2:48) அம்மா வாயில. 'இவன் தச்சன் அல்லவா?' (மாற்கு 6:3) ஊர்க்காரங்க வாயில.

பயிற்சி: ஒரு சம்பவத்தை வடசென்னைப் பேச்சில் சொல்லச் சொல்லுங்க. மாற்கு 4:38-ல புயலில் படகு முழுகப்போகுது, இயேசு தூங்குறார், சீடர்கள் எழுப்பிக் கேட்கிறாங்க: 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா'. அந்த 'போதகரே'க்குக் கிரேக்கத்தில் நேர் அர்த்தம் 'வாத்தியாரே'. "இன்னா வாத்தியாரே, நாங்க சாவுறோம், உனக்குக் கவலையே இல்லியா?" சீடர்களோட கடுப்பு அப்பத்தான் காதில் விழும். மத்தேயுவில் இதே இடம் 'ஆண்டவரே, எங்களை இரட்சியும்'னு ஜெபமாயிடுது.

கெட்டுப்போற இடமும் இதுதான். ஒருத்தன் சிரிக்க வெச்சா அடுத்தவன் வசனத்தில் இல்லாத வசனம் பேசுவான், பத்து நிமிஷத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் ஆயிடும். விதி ஒண்ணே ஒண்ணு: சொல்லை மாத்தலாம், சம்பவத்தில் ஒரு துளி சேர்க்கக் கூடாது.

நக்கல் கேட்டிருந்தீங்க. மத்தேயு 7:3. கண்ணில் துரும்பு, கண்ணில் உத்திரம். உத்திரம்னா கூரை தாங்குற மரம்! தச்சுப்பட்டறை ஜோக். அதைப் பயபக்தியா இழுத்து இழுத்துப் படிச்சா எவன் சிரிப்பான்?

ராயபுரம்_வாலிபர்

நன்றி. இரண்டு சந்தேகம். மனுஷனாகவே பேசிக்கொண்டிருந்தால் தெய்வத்துவம் எங்கே என்று மூப்பர்கள் கேட்பார்கள். அடுத்தது, காசிமேட்டுப் பிள்ளைகளுக்குப் படகுச் சம்பவத்தை எப்படி எடுப்பது?

கைப்பிரதி

முதல் கேள்விக்குச் சபையின் பழைய பதிலே போதும். கி.பி. 451-ல் கல்செதோனில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் சொன்னது: மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனிதன், ஒரே ஆள். அவருக்கு மனித மனம் இல்லை, அந்த இடத்தில் தெய்வ வார்த்தையே இருந்தது என்று அப்பொல்லினாரியு என்கிற பிஷப் சொன்னதை 381-லேயே சபை தள்ளிவிட்டது. ஆக மனிதத்தை மறைப்பதும் துர்உபதேசம்தான். மூப்பர்களிடம் எபிரெயர் 5:7-ஐ நீட்டுங்கள், 'பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்'.

பின்னணியம்

படகுக்கு நான். முதல்ல கடலை மாத்துங்க. கலிலேயாக் கடல் உப்புக்கடல் இல்ல, புழல் மாதிரி நன்னீர் ஏரி, ஆனா பல மடங்கு பெருசு. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 13. கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுத்தி மலை. மேலேயிருந்து காத்து சரிஞ்சு இறங்கினா சட்டுனு கொந்தளிக்கும். வங்கக்கடல் புயலை மனசுல வெச்சா தப்பாயிடும்.

1986-ல வறட்சியில் தண்ணி வத்தினப்போ கரைச் சேத்துல அந்தக் காலத்துப் படகு ஒண்ணு கிடைச்சுது: நீளம் சுமார் 8.2 மீட்டர், அகலம் 2.3. கிட்டத்தட்ட நம்ம ஃபைபர் படகு. தரையில சாக்பீஸ்ல அளவு போட்டு 13 பேரை உட்கார வெச்சுப் பாருங்க. மாற்கு மட்டும் 'பின்னணியத்தில் தலையணையை வைத்து'ன்னு சொல்றார். பின்னணியம்னா சுக்கான் பிடிக்கிறவன் பக்கம். அந்த ஆட்டத்துலயும் எழும்பலைன்னா எவ்ளோ அசதின்னு உங்க பசங்க உங்களுக்குச் சொல்வாங்க.

மாற்கு 1:16-ல சீமோனும் அந்திரேயாவும் போட்டது வீச்சுவலை. 1:20-ல செபெதேயுவுக்குக் கூலியாட்கள் இருந்தாங்க, அதனால அவர் பிள்ளைங்க யாக்கோபும் யோவானும் ஒண்ணுமில்லாதவங்க இல்ல. அந்த ஏரி மீன்ல பேர் போனது நம்ம ஜிலேபி மீன் ஜாதி.

மூன்றுபத்தி

ஐந்தாம் வாரத்துக்கு மாற்கு 7:24-30, சீரோபேனிக்கியப் பெண்: மகளைக் குணமாக்கக் கேட்டு வந்த புறஜாதிப் பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறார் இயேசு. வடசென்னையில் 'நாய்' என்ற சொல் எப்படிக் குத்தும் என்று உங்களுக்குத் தெரியும். குட்டி நாய், செல்ல நாய் என்று பூசி மெழுக வேண்டாம். கிரேக்கத்தில் 'நாய்க்குட்டி'தான், ஆனாலும் அவமானம் குறையவில்லை. அதைவிட முக்கியம், அவள் பதிலுக்குப் பதில் பேசி ஜெயிக்கிறாள். 'நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம்' என்று மாற்கில் அவர் இறங்கிவருகிறார். மத்தேயுவில் அது 'உன் விசுவாசம் பெரிது' ஆகிறது.

ஆறாவது வாரம் 14:32 முதல், கெத்செமனே ஜெபத்திலிருந்து. 14:36-ல் 'அப்பா' வந்ததும் தமிழ் என்று யாராவது கிளம்புவார்கள். அது அரமேயம், வளர்ந்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள், மழலை இல்லை. வாசிப்பை 16:8-ல் நிறுத்துங்கள். மாற்கு முழுவதும் உள்ள மிகப் பழைய இரண்டு பிரதிகள், சீனாய், வத்திக்கான், அங்கேதான் முடிகின்றன: இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்மேல் உடனே பாட்டுப் பாடி மூடிவிடாதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா உட்காரட்டும், பிறகு தாளைச் சேகரியுங்கள்.