ஈர நிழலில் நார்தர்ன் சீ ஓட்ஸ் புல்: விதை பரவாமல் வளர்ப்பது எப்படி?

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினா ராலே பக்கம். வீட்டுக்கு வடக்கே ஓக் மரத்தடியில் வெயிலே படாத ஒரு மூலை, கூரைத் தண்ணீர் இறங்குவதும் அங்கேதான், சிவந்த களிமண் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். புல்தரை போட்டுப் பார்த்தோம், பாசிதான் வந்தது. அப்புறம் இந்த மண்ணுக்கே சொந்தமான நார்தர்ன் சீ ஓட்ஸ் புல்லை மூன்று தூர் வைத்தேன். மூங்கில் மாதிரி இலை, மூன்றடி உயரம். தட்டையான கதிர்கள் நூல் போன்ற காம்பில் தொங்கி, சின்னக் காற்றுக்கே ஆடும்; இலையுதிர் காலத்தில் அப்படியே செம்பு நிறமாகிவிடும். எனக்கு அவ்வளவு பிடித்த செடி.

சிக்கல் விதைதான். இந்த வசந்தத்தில் செங்கல் பாதை இடுக்கெல்லாம் நாற்று, பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்றுவிட்டு இலை மட்டும் கையோடு வருகிறது. கதிர் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிடு என்கிறார்கள், ஆனால் குளிர்காலத்தில் அது நிற்கும் அழகுக்காகத்தானே வைத்தேன்! பாதிக் கதிரை மட்டும் விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நிழலில் தூர் சாய்கிறது, வசந்தத் தொடக்கத்தில் பிரித்து நட்டால் நிமிருமா? பக்கத்தில் லேடி ஃபெர்ன் என்ற பெரணிச் செடியை நெருக்கி வைத்தால் நாற்று அடங்குமா? வளர்த்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.