நிக்கோட்டின் கம் மென்றும் தம் ஆசை அடங்கவில்லை, எங்கே தப்பு?

டபுள்_ஸ்ட்ராங்:
ஒரு நாளைக்கு 12 முதல் 15 சிகரெட். எழுந்ததும் பால்கனியில் டீயோடு முதல் தம். வீட்டில் கைக்குழந்தை இருக்கு, விட்டே ஆகணும். மெடிக்கலில் 2 மி.கி. நிக்கோட்டின் கம் வாங்கினேன். மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வருது, ஆசை அப்படியே இருக்கு. டீயையும் சேர்த்து விடணுமா?

மாத்திரை_டப்பா:
பபிள்கம் மாதிரி மெல்றீங்கன்னு அந்த விக்கலே சொல்லுது. நிக்கோட்டின் வாய்த்தோல் வழியா ரத்தத்துக்குப் போகணும். வேகமா மென்னா எச்சிலோட வயித்துக்குள்ள இறங்கிடும். அங்கே எரிச்சல்தான் மிச்சம்.

மெதுவா மெல்லுங்க. மிளகைக் கடிச்ச மாதிரி சுருக்குன்னு காரம் ஏறினதும் நிறுத்திட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வையுங்க. காரம் அடங்கினதும் மறுபடி சில கடி, இந்தத் தடவை அடுத்த பக்கம். இப்படியே அரை மணி நேரம். டீ, காபி, ஜூஸ், கோலா எதுவும் கம் போடறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியிருந்தே கூடாது. வாயில அமிலத்தன்மை ஏறினா நிக்கோட்டின் உறிஞ்சாது, கம் வாங்கின காசு வீண்.

ஆசை வந்தப்புறம் தேடி எடுக்கறதும் தப்பு. முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒண்ணு, 7–9 வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒண்ணு, 10–12 வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. எழுந்த அரை மணிக்குள்ள முதல் சிகரெட்டுன்னா 2 மி.கி. பெரும்பாலும் பத்தாது. டாக்டரைப் பாருங்க, 4 மி.கி. தரலாம், இல்லைன்னா தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பேட்சோட கம்மையும் சேர்த்துத் தரலாம்.

சுக்குக்காபி:
டீயை விட வேண்டாம், பாதியாக்குங்கள். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்கிறது. புகை நின்றதும் அதே நாலு டீ எட்டு டீ குடித்த மாதிரி உடம்பில் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை. 'சிகரெட்டை விட்டதால்தான் இப்படி' என்று நினைத்துப் பலர் திரும்பப் பற்றவைப்பது இங்கேதான். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும் இதே கணக்கு. டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும்.

காலை டீயைப் பால்கனியில் குடிக்காதீர்கள். அடுப்படியில் நின்றபடி, வேறு டம்ளரில். அற்பமாகத் தோன்றும், ஆனால் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுவது அந்த இடத்தில்தான்.

பால்கனி_வேண்டாம்:
சிகரெட்டைப் பால்கனியில் குடித்தாலும் புகை சட்டை, முடி, விரல் என்று ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். முழுசாக விடும்வரை, குழந்தையைத் தூக்கும் முன் சட்டையை மாற்றி, கை முகம் கழுவுங்கள். புகைப்பவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. தூக்கத்திலேயே குழந்தை திடீரென இறந்துபோகும் ஆபத்து அதில் அதிகம்.

சிகரெட்டை விட்ட 2, 3-ஆம் நாள்தான் ஆசையின் உச்சம். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடத்தில் தணிந்துவிடும். மலச்சிக்கல் வரும், கொஞ்ச நாள் இருமலும் கூடலாம். 1800-11-2356 புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண், கூப்பிட்டுப் பேசலாம். கம்முக்குப் பதில் புகையிலைப் பொட்டலத்துக்குத் தாவுவது மட்டும் வேண்டாம்.

டபுள்_ஸ்ட்ராங்:
ஒதுக்கி வைக்கிற விஷயமே தெரியாது, நன்றி. நடுவில் ஒரு தம் அடிச்சிட்டா கம்மை நிறுத்திடணுமா?

மாத்திரை_டப்பா:
தூக்கிப் போட வேண்டியது பாக்கெட்டை, கம்மை இல்லை. தொடருங்க. தலைசுத்தல், குமட்டல் வந்தா நிக்கோட்டின் கூடிடுச்சுன்னு அர்த்தம், அப்ப அந்தக் கம்மைத் துப்பிடுங்க. மென்னு துப்பினதுலயும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். காகிதத்துல சுத்தி மூடி போட்ட குப்பைத்தொட்டில போடுங்க. குழந்தை தவழ ஆரம்பிச்சா தரையில கிடக்கறதெல்லாம் நேரா வாய்க்குத்தான்.