ஆபீசுக்கு ஆன்லைனில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வாருங்கள், ஏமாந்த கதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

அச்சகக்காரன்

எங்கள் அச்சகத்தில் ஆறு கம்ப்யூட்டர். ஆறிலும் விண்டோஸ் 10தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது தெரியும். தெரிந்தும், ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டு வைத்திருந்தேன். போன மாதம் ஒரு நாள் காலையில் பில் போடுகிற மெஷின் எழுந்திருக்கவே இல்லை. வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், நான் கையால் பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று ராத்திரியே புதிதாக ஒன்றை ஆர்டர் போட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன்.

ஆத்திரக்காரனுக்கு மட்டுமில்லை, அவசரக்காரனுக்கும் புத்தி மட்டுதான். நல்ல கம்பெனியின் பிசினஸ் லேப்டாப், மற்ற இடங்களில் சொல்லும் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தளத்தில் கிடந்தது. பக்கம் பளிச்சென்று இருந்தது. முகவரிப் பட்டையில் https இருந்தது. பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே கார்டு என்ற பொத்தான் மட்டும் மங்கலாக இருந்தது. "கார்டு வசதி பராமரிப்பில் உள்ளது. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் கூடுதலாக 5 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு வரி.

கை அங்கேதான் நின்றது. பையனைக் கூப்பிட்டேன். அவன் இணையதளப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தான். பெயர் பதிவாகி 19 நாள்தான் ஆகியிருந்தது. அதே தளத்தின் அடியில் "20 ஆண்டுகளாக உங்கள் சேவையில்" என்று போட்டிருந்தார்கள்!

பணம் தப்பியது. ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் வாங்கவில்லை. நீங்கள் எப்படி வாங்கினீர்கள்?

கணக்குப்பிள்ளை

அண்ணா, நீங்கள் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை. பெரிய தளம் ஒன்றில்தான் ஆர்டர் போட்டேன், ஆனால் விற்றவர் தனி விற்பனையாளர். ஒரு மணி நேரத்தில் அவரிடமிருந்து மெசேஜ்: "தளத்துக்குக் கமிஷன் போகிறது. ஆர்டரை ரத்து செய்துவிட்டு எனக்கு நேரடியாக அனுப்பினால் அந்தத் தொகையை உங்களுக்கே குறைக்கிறேன்." நியாயமாகத்தான் பட்டது. அனுப்பினேன். பார்சலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தளத்தில் கேட்டால், எங்கள் வழியாக நடந்த வியாபாரமே இல்லையே என்றார்கள். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம்தானே என்றார்கள். இரண்டுமே உண்மைதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த வருடம் வேறு இடத்தில் பிரிண்டர் வரவில்லை. அது கிரெடிட் கார்டில் கட்டியது. கார்டு வங்கிக்கு எழுதிப் போட்டேன், சில வாரத்தில் பணம் திரும்பியது. அன்றிலிருந்து கார்டு எடுக்காத இடத்தில் நான் எதையும் எடுப்பதில்லை.

https பற்றி ஒன்று. உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. முகவரிப் பட்டையில் வரும் பூட்டுப் படத்தைப் பார்த்து ஜனங்கள் தப்புக்கணக்குப் போடுகிறார்கள் என்றுதான் 2023-இல் குரோமில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் ஷிப்ட்

நான் பார்த்த லேப்டாப்புக்கு 4.6 நட்சத்திரம், ஆயிரத்துக்கு மேல் விமர்சனம். சும்மா நாலைந்து படித்தேன். "கையில் நல்ல பிடிமானம், நிறம் அழகு, போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது." பழைய போன் கவர் பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறான் மகராசன். நட்சத்திரம் அப்படியே நிற்கிறது.

சர்வீஸ் மேசை

ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என் வேலை. பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போகும் கதை ஒரு வகை. நான் அதிகம் பார்ப்பது இன்னொரு வகை: பெட்டி ஒழுங்காக வரும், மெஷினும் ஓடும், ஆனால் சொன்ன பொருள் அது இல்லை.

தெரிந்தவர் ஒருவர் சின்னதாக ஆலோசனை நிறுவனம் நடத்துகிறார். "புத்தம் புதிது, சீல் பிரிக்காதது" என்று மூன்று லேப்டாப் வாங்கினார். பெட்டி புதிது, பிளாஸ்டிக் உறை புதிது, திரையில் ஒட்டிய தாள்கூட அப்படியே இருந்தது. முதல் மெஷினைப் போட்டோம். மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது, வைஃபை கேட்டது. வைஃபை கொடுத்த அரை நிமிடத்தில் வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் லோகோவோடு வரவேற்புத் திரை! அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கொடு என்று நிற்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளை மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட் வசதியில் பதிந்து வைப்பார்கள். அந்த மெஷினின் அடையாளம் அவர்கள் பெயரில் மைக்ரோசாஃப்ட் பக்கம் இருக்கும். விற்றவர் "ரீசெட் செய்யுங்கள், சரியாகிவிடும்" என்றார். ஆகாது. டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸை முதலிலிருந்து போட்டாலும், இன்டர்நெட் கிடைத்ததும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். பதிந்த நிறுவனம் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்தான் வழி.

மற்ற இரண்டில் அந்தத் திரை வரவில்லை. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டதே. கீழே ஒட்டியிருந்த சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டேன்: வாரண்டி தொடங்கி 14 மாதம் ஆகியிருந்தது. ஒன்றிரண்டு மாதம் முன்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். கிடங்கில் கிடந்த சரக்காக இருக்கும், பில்லைக் காட்டினால் தேதியைத் திருத்தியும் தருவார்கள். 14 மாதம் அப்படி இல்லை. அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். புது பேட்டரியில் சார்ஜ் சுற்று, அதாவது முழுதாக ஏறி இறங்கிய கணக்கு, பூஜ்யமோ ஒன்றிரண்டோ இருக்கும். இதில் ஒன்றில் 211, இன்னொன்றில் 187. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், எஸ்எஸ்டி டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். அதில் மட்டும் இரண்டு மணி நேரம். அதாவது பழைய மெஷினில் புது டிஸ்க்கை மாட்டி, புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். யாரோ மெனக்கெட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

திருப்பி அனுப்ப 7 நாள் இருந்தது, நாங்கள் திறந்தது 5-ஆம் நாள். அவர் முதலில் அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்வந்து திறக்கலாம் என்றுதான் இருந்தார்.

தையல்கூடம்

நீங்கள் சொல்வதைப் படித்தால் என் லேப்டாப்பையும் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. எனக்கு நடந்தது இன்னும் விசித்திரம். வீட்டிலிருந்தபடி கடை மெஷினுக்குள் போக வேண்டும், அதனால் கடையில் வைக்க விண்டோஸ் ப்ரோ பதிப்பு உள்ள லேப்டாப்தான் வேண்டும் என்று தேடி வாங்கினேன். வீட்டுக்கான ஹோம் பதிப்பிலிருந்து விண்டோஸின் ரிமோட் வசதியில் வெளியே போகலாம், வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது. ப்ரோ இருந்தது, வேலையும் செய்தது. ஆறு மாதம் கழித்துத் திரையின் மூலையில் "விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்" என்று மங்கலாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது. விற்றவரின் பக்கத்தையே காணவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

சர்வீஸ் மேசை

உங்கள் தப்பு எதுவும் இல்லை அக்கா. ஆலையிலிருந்து ஹோம் பதிப்போடு வந்த மெஷினாக இருக்கும். விற்றவர் நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்தில் ப்ரோ போட்டுக் கொடுத்திருக்கிறார். கேஎம்எஸ் என்ற அந்த வகை ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும், அதற்குள் நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆறு மாதக் கணக்கு சரியாக அதில் விழுகிறது.

வாங்கிய அன்றே பார்க்கலாம். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ்பிஆர் என்று கொடுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் காலாவதித் தேதி இல்லை என்று அர்த்தம். ஏதாவது தேதியைக் காட்டினால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

பழைய எலி

என் கதைக்குக் கட்டளை எதுவும் தேவையில்லை, கண் இருந்தால் போதும். எனக்கு அது அன்று இல்லை.

"ஐ7, 16 ஜிபி ராம், விண்டோஸ் 11, புத்தம் புது டெஸ்க்டாப்." கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட், உள்ளே வானவில் மாதிரி விளக்கு, புது கீபோர்டு, புது மௌஸ். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் பெயர் ஐ7-3770. ஐ7தான், பொய்யில்லை. 2012-இல் வந்த ஐ7! கேபினெட் புதிது, மௌஸ் புதிது, மூளை மட்டும் பல தலைமுறை மூத்தது. விண்டோஸ் 11 அந்தப் பிராசஸரை ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். சோதனையை ஏமாற்றி உள்ளே திணித்திருக்கிறார்கள். அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் கொடுப்பதில்லை. விண்டோஸ் 10 நின்றதால்தானே புதிது வாங்கவே போனேன்!

விளம்பரத்தில் ஐ5, ஐ7 என்று மட்டும் போட்டு, பின்னால் வரும் நம்பரைப் போடாமல் விட்டிருந்தால் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே பதில்.

இரண்டாம் ஷிப்ட்

ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் நம்பரை முழுசாகவே போட்டிருந்தார்கள், எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. 7520யு வாங்கினேன். 7000 வரிசை, புதிதுதானே என்று. அந்த வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறதாம். 7520-இல் அது 2, அதாவது ஜென் 2, முதலில் 2019-இல் வந்தது. 7840யு என்றால் ஜென் 4. பெயரில் ஒரே குடும்பம், வயதில் அண்ணன் தம்பி. ராமும் போர்டோடு பற்றவைத்தது, 8 ஜிபியை ஏற்ற வழியில்லை. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்குகிறது.

நான்காம் மாடி

எல்லோரும் இப்படி பயமுறுத்தினால் எப்படி? நல்லபடியாக வாங்கிய ஒருத்தன் பேசுகிறேன்.

ஐந்து லேப்டாப் வாங்கினோம். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலேயே வணிகத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும், அதில் நிறுவனப் பெயரில் கணக்குத் தொடங்கினேன். அங்கே போட்டிருக்கும் விலை பேச்சுக்கு ஆரம்பம்தான். சாட்டில் வந்த விற்பனை ஆளிடம், ஐந்து வேண்டும், எழுத்தில் விலை கொடுங்கள் என்றேன். வந்த விலை நான் மற்ற தளங்களில் பார்த்ததைவிடக் குறைவு. அவர்களின் காலாண்டு முடிய பத்து நாள் இருந்தது, அதுவும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

பெயரிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். 2025 தொடக்கத்தில் டெல் தன் லாட்டிட்யூட் பெயரை விட்டு டெல் ப்ரோ என்று மாற்றியது. அப்படிப் பெயர் மாறும் சமயத்தில் முந்தைய பெயரில் இருக்கும் புதுச் சரக்கை மலிவாகத் தள்ளுவார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, முந்தைய தலைமுறை என்று தெரிந்தே வாங்குகிறோம். "45 சதவீதத் தள்ளுபடி" என்று கத்தும் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். அமேசானில் என்றால், விலை ஏறி இறங்கியதைக் காட்டும் கீப்பா (Keepa) தளத்தில் பழைய விலையைப் பாருங்கள். வெட்டிக் காட்டிய அந்த விலைக்கு அது பல சமயம் ஒரு நாள்கூட விற்றிருக்காது.

நான் கூடுதலாகக் காசு கொடுத்தது ஒன்றுக்குத்தான்: பழுதானால் அடுத்த வேலைநாளில் ஆள் நேரில் வரும் வாரண்டி. எட்டாம் மாதம் ஒன்றில் மதர்போர்டு போனது. மறுநாள் மதியம் ஒருவர் பையோடு வந்து, என் மேஜையிலேயே கழற்றி, மாற்றிவிட்டுப் போனார். அதே சமயத்தில் என் மனைவியின் சாதாரண லேப்டாப் பழுதுபார்க்கப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

கணக்குப்பிள்ளை

எழுத்தில் விலை கேட்டது நல்ல யோசனை. பில்லில் நிறுவனப் பெயரும் சீரியல் நம்பரும் வந்ததா?

நான்காம் மாடி

பெயர் வந்தது. சீரியல் நம்பர் டெலிவரி சீட்டில் மட்டும் இருந்தது, கேட்டு பில்லிலும் போட்டு வாங்கினேன். முகம் சுளித்தார்கள், ஆனால் போட்டார்கள்.

அச்சகக்காரன்

இதையெல்லாம் படித்துவிட்டு நான்காம் மாடி சொன்ன வழியில் போனேன். ஆறையும் ஒரேயடியாக எடுக்க மனம் வரவில்லை, முதலில் இரண்டு. கார்டில்தான் கட்டினேன். பெட்டி நேற்று வந்தது. பையன் போனில் வீடியோ எடுக்க, நான் பிரித்தேன். பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், மெஷின் அடியில் உள்ளது, பில்லில் உள்ளது, மூன்றையும் நான் சத்தமாக வாசிக்க வாசிக்க அவன் சரிபார்த்தான். மெஷின் மேன் இதைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகைக்குக்கூட முதலாளி இப்படி புரூஃப் பார்த்ததில்லை என்றான்.

பேட்டரி சுற்று இரண்டிலும் 1. டிஸ்க் ஓடியது ஒன்றில் 2 மணி, ஒன்றில் 3 மணி. எக்ஸ்பிஆர் போட்டால் நிரந்தரம். ஆனால் இதெல்லாம் அப்புறம் பார்த்தது. முதல் மெஷினில் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரை நிமிடம் புள்ளிகள் சுற்றின. "இந்தச் சாதனத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டது. வேறு எவன் பெயரும் இல்லை. பில்மேஜை என்று வைத்தேன்.