இலவச கோர்ஸ் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோகிறது, என்ன செய்யலாம்?

நைட்ஷிஃப்ட்:
ஓசூரில் சிஎன்சி ஆபரேட்டர், டிப்ளமோ மெக்கானிக்கல். என்பிடெல்லில் (ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளம்) 8 வார பைத்தான் புரோகிராமிங் கோர்ஸ். சேரக் காசு கட்ட வேண்டாம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக்கு 1000 ரூபாய். இரண்டு வாரம் ஜோராகப் போனது. மூன்றாவது வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் ரூமுக்கு வந்து, வேகத்தை 0.75-க்குக் குறைத்து, ஆங்கிலம் பிடிபடாத இடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். 20 நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இயர்போன் வேறு ஒரு பக்கம்தான் கேட்கும். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடுவது) வந்ததும் விட்டுவிட்டேன். இப்படி விடுவது இது இரண்டாவது தடவை. எனக்கு ஒத்துவராத வேலையா, இல்லை படிக்கிற முறை தப்பா?

சாக்பீஸ்:
தம்பி, 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது 1,60,000 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை வந்தது 20,000 சொச்சம். பாதியில் விட்டவர் நீங்கள் மட்டும் இல்லை.

நான் கல்லூரியில் பாடம் நடத்துபவன் (பெயர் வேண்டாமே). எங்களிடம் பிள்ளைகளைக் கட்டாயமாக என்பிடெல்லில் சேர்க்கிறார்கள். அசைன்மென்ட் விடை டெலிகிராமில் வந்துவிடும், 25-க்கு 25. மீதி 75-க்குத் தேர்வு மையத்தில் போய் உட்கார வேண்டுமே, அங்கே சாயம் வெளுத்துவிடும். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற நீங்கள்தான் உண்மையில் படிக்கிறீர்கள்.

பத்துமணிக்கு_மேல்:
ஆறுதல் சரி சார், அவருக்கு ரிகர்ஷன் இன்னும் புரியவில்லையே!

பிள்ளை தூங்கிய பிறகு படித்து முடித்தவள் நான். வீடியோவை மூடுங்கள், தாளை எடுங்கள். 4 ஃபேக்டோரியல் (அதாவது 4×3×2×1) எவ்வளவு என்று 4-இடம் கேட்டால் அது 3-ஐப் போய்க் கேட்கும், 3 போய் 2-ஐக் கேட்கும், 2 போய் 1-ஐ. 1 மட்டும் யாரிடமும் போகாமல் தானே பதில் சொல்லும். அப்புறம் வந்த வழியே பெருக்கிக்கொண்டு திரும்புங்கள்: 1, 2, 6, 24. அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி: பாடம் எழுத்து வடிவில் கிடைத்தால் முதலில் அதை வாசித்துவிட்டு வீடியோ பாருங்கள். இந்தத் தடவை பணமும் கட்டாதீர்கள். கெடு தேதி மண்டையில் உட்கார்ந்தால் பாடம் ஏறாது.

கடைசிபெஞ்ச்:
பணம் கட்டாவிட்டால் யாரும் முடிக்க மாட்டார்கள். 1000 ரூபாய் போய்விடுமே என்ற பயத்தில்தான் நான் முடித்தேன்.

நைட்ஷிஃப்ட்:
அக்கா, டீ பிரேக்கில் பழைய டிராயிங் ஷீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன், 24 வந்துவிட்டது. ரூமுக்கு வந்து அதையே புரோகிராமாக எழுதி, அந்த 1-க்கான வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு ஓட்டினேன். திரை முழுக்க ரிகர்ஷன் எரர். நிற்க இடமில்லாமல் கேட்டுக்கொண்டே போயிருக்கிறது!

பணம் இப்போதைக்குக் கட்டவில்லை. திங்கள் முதல் டே ஷிஃப்ட், நாலாவது வாரத்தை அப்போது பிடிக்கிறேன். இயர்போன் மட்டும் புதிதாக வாங்கிவிட்டேன்.